எல்லை எங்கே முடிகிறது என்று பார்

அன்புள்ள கவின்,

சட்டம் படிப்பதா, சிவில் எஞ்சினீயரிங் படிப்பதா என்று கேட்டிருந்தாய். இரண்டும் கைகோத்த இடம் லண்டன் ஈஸ்ட் ஹாமில் உன் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. நீ சைக்கிள் ஓட்டும் கிரீன்வே ஏன் தெருக்களைவிட உயர்ந்து, மேடாகப் போகிறது? உள்ளே பெக்டன் கழிவுநீர் நிலையத்தை நோக்கிக் கழிவுநீர் ஓடுகிறது. வெயில் நாளில் இரும்பு மூடிகளின் இடுக்கில் வாடை வருமே, அதுதான்.

அந்தக் கழிவுநீர்க் குழாயைக் கட்டியவர் எஞ்சினீயர் ஜோசப் பேசல்ஜெட் என்று எல்லோரும் சொல்வார்கள். சரிதான். ஆனால் அவர் கையில் வரைபடம் 1856இலேயே தயார். இரண்டு ஆண்டுகள் ஒரு செங்கல்கூட வைக்க முடியவில்லை. காரணம் சட்டத்தில் இருந்தது.

1855 வரை லண்டனை ஏறக்குறைய 300 அமைப்புகள் துண்டு துண்டாக நிர்வகித்தன. ஒருவர் தெருச் சாக்கடையை அடுத்தவர் தெருவில் விட்டுவிட்டுக் கைகழுவலாம். எல்லாம் கடைசியில் தேம்ஸில்தான் விழுந்தது. 1855இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு மெட்ரோபாலிட்டன் பணிகள் வாரியத்தை உருவாக்கியது. நகரம் முழுவதற்கும் ஒரே எல்லை, ஒரே பொறுப்பு. நல்ல சட்டம், ஆனால் அரைகுறை. பிரதான கழிவுநீர்த் திட்டத்துக்கு அரசின் பணிகள் ஆணையர் ஒப்புதல் தர வேண்டும் என்று ஒரு பிரிவு. அந்தப் பதவியில் இருந்த பெஞ்சமின் ஹால் திட்டத்தைத் திருப்பி அனுப்பினார். கழிவு ஆற்றில் எந்த இடத்தில் விழ வேண்டும் என்ற வாக்குவாதத்திலேயே காலம் போனது.

1858 கோடையில் ஆறு நாறியது. நாடாளுமன்றச் சன்னல் திரைகளைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். நிதியமைச்சர் டிஸ்ரேலி ஜூலை 15 அன்று மசோதாவைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 2 அன்று அது சட்டமானது. ஆணையரின் தடை அதிகாரம் போயிற்று. வாரியம் 30 லட்சம் பவுண்டு கடன் வாங்கலாம், அரசு உத்தரவாதம் தரும். கடனை அடைக்க, வீட்டின் வரி மதிப்பில் பவுண்டுக்கு 3 பென்னி வீதம் 40 ஆண்டு வசூல். அடுத்த ஆண்டே வேலை தொடங்கியது. பணமும் முடிவெடுக்கும் உரிமையும் ஒரே கையில் சேராதவரை எஞ்சினீயரின் திறமை காகிதத்திலேயே கிடக்கும்.

இருந்தும் அந்தச் சட்டத்தில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. கழிவுநீரை வாரியத்திடம் கொடுத்தவர்கள் குடிநீரைத் தனியார் நிறுவனங்களிடமே விட்டுவிட்டார்கள். 1866இல் கிழக்கு லண்டனில் காலரா வந்து 5,000க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அங்கே கழிவுநீர்க் குழாய் வேலை முடிந்திருக்கவில்லை. ஒரு தண்ணீர் நிறுவனம் வடிகட்டாத நீரை விட்டிருந்தது. குடிநீருக்கும் பொது வாரியம் வேண்டும் என்று 1902இல்தான் சட்டம் வந்தது. நம் சென்னைக் குடிநீர் வாரியத்தை 1978 சட்டம் தொடக்கத்திலேயே இரண்டுக்கும் சேர்த்து அமைத்தது. அந்த விஷயத்தில் நாம் செய்ததே சரி.

இன்னொன்று. உன் ஈஸ்ட் ஹாம் அன்று எசெக்ஸ் மாவட்டம், வாரிய எல்லைக்கு வெளியே. வட லண்டனின் கழிவு அந்த ஊர் வழியாகத்தான் போனது. வாரியத்தில் அந்த ஊருக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. உள்ளே இருந்தவர்களும் நேரடியாக வாக்களிக்கவில்லை, வட்டாரச் சபைகள் ஆளனுப்பின. ஊழல் புகார்களில் பெயர் கெட்டு, 1889இல் வாரியம் கலைந்தது. மக்கள் தேர்ந்தெடுத்த லண்டன் கவுன்டி கவுன்சில் அதன் இடத்துக்கு வந்தது.

ஆகவே இப்படியொரு சட்டம் கையில் கிடைத்தால் முதலில் எல்லையைத் தேடிப் படி. யார் உள்ளே, யார் வெளியே? பிறகு பணம் யாரிடமிருந்து வருகிறது, யார் 'வேண்டாம்' என்று சொல்லலாம் என்று பார். பழகிப் பார்க்க இப்போதே ஒன்று இருக்கிறது: 25 கிலோமீட்டர் நீளமுள்ள தேம்ஸ் டைட்வே கழிவுநீர்ச் சுரங்கம். அதற்கென்று தனி நிறுவனம், 2013 விதிகளின் கீழ். செலவு கழிவுநீர்க் கட்டணத்தில் ஏறுகிறது. அம்மாவிடம் பில்லை வாங்கி அந்த விதிகளையும் பக்கத்தில் வைத்துப் படி. அந்த நிறுவனத்தைக் கேள்வி கேட்க உங்கள் வீட்டுக்கு என்ன வழி இருக்கிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியப்பா