மைதானக் கரையில் நின்றோர்

இல்ல விளையாட்டுப் போட்டி நிறைவெய்தும்போது வெற்றிக் கிண்ணம் பெறுவோர் சிலர். அவர்தம் பெயர்கள் இத்தகைய மலர்களில் இடம்பெறுதல் முறையே. ஆயின், மர நிழலில் நின்று கைகொட்டிக் கலைந்துபோன பலரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. நாம் அப்பலருள் ஒருவராய் இருந்தோம். ஆதலின் அவர் சார்பில் எழுதும் உரிமை நமக்குண்டு.

அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அறிந்தவரையில் அது பாதி உண்மையே. முதல் ஓட்டத்திற் கடைசியாய் வந்து, கூட்டத்தின் நகைப்பொலியைக் கேட்ட சிறுவன், மறுமுறை காலில் நோவென்று கூறி ஒதுங்குகின்றான். நமக்கும் அத்தகைய கால்நோவு ஆண்டுதோறும் தவறாது மாசி மாதத்தில் வந்துகொண்டிருந்தது! நாணமே நம்மைக் கரையில் நிறுத்தியது. பின்னர் உத்தியோகம் வந்தது, நாற்காலி வந்தது, நாற்பது வயதில் இரத்தத்திற் சீனியும் வந்தது.

1958ஆம் ஆண்டு தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பழைய மாணவரான நா. எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கைக்கு முதற் பொற்பதக்கம் ஈட்டித் தந்தார். அயற் கல்லூரியின் மைந்தராயினும் அவர் நம் குடாநாட்டின் பெருமை. எனினும் ஒருவர் பாயப் பிறர் பார்த்து மகிழ்வதனால் பார்த்தவர் உடல் உரம் பெறுவதில்லை.

முன்னாளில் நம் மக்களுக்குத் தனியே தேகாப்பியாசம் வேண்டியிருக்கவில்லை. துலா மிதித்துத் தோட்டத்துக்கு நீர் இறைத்தனர், சந்தைக்கு நடந்தனர். 1990ஆம் ஆண்டின் பின்னர் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், பெரியோர் சிறியோர் அனைவரும் துவிச்சக்கரவண்டியே கதியென்றிருந்தனர். அத்துன்பக் காலத்தை நாம் வாழ்த்தவில்லை. கால்கள் உழைத்தன என்பதை மட்டும் குறிக்கின்றோம். 2002இல் கண்டி வீதி திறந்தபின் மோட்டார் சைக்கிள்கள் பெருகின. இப்போது ஒழுங்கை முடக்கிலுள்ள கடைக்கும் இயந்திரத்திலேயே செல்கின்றோம். பிள்ளைகளின் மாலைப்பொழுதையோ ரியூசன் வகுப்புகள் கொண்டுபோயின.

இதன் விளைவு யாதென்பதற்கு ஒரு பழைய ஆராய்ச்சியே போதும். இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டுப் பேருந்துகளிற் பணிபுரிந்தோரை ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் ஆராய்ந்து, 1953இல் முடிவுகளை வெளியிட்டனர். நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கிச் சீட்டு வழங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்புக் குறைவாயிருந்தது. வண்டி ஒன்றே, இருக்கையே வேறு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வளர்ந்தோர்க்கு விதந்துரைத்தது வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரையிலான மிதமான உடலுழைப்பு. சிறுவர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிடம். சிறிதளவேனும் செய்வது ஒன்றும் செய்யாதிருப்பதினும் நன்று என்றும் அது கூறியது. கரையில் நிற்போர் மனத்திற் பதிக்க வேண்டியது இக்கடைசிக் கூற்றே.

ஆயினும் எண்களைக் காட்டி எவரையும் களத்தில் இறக்க முடியாது. நாணத்தால் ஒதுங்கியவனை நாணமின்றி அழைக்கும் விளையாட்டு வேண்டும். அது நம்மிடமே உண்டு. கிளித்தட்டை எண்ணிப் பாருங்கள். மட்டை வேண்டா, பந்து வேண்டா, சப்பாத்தும் வேண்டா. அறுவடை முடிந்த வயலிலோ கோயில் வீதியிலோ கோடு கீறினாற் போதும். குறுக்குக் கோடுகளிற் காப்போர் நிற்க, கிளியானவர் நடுக்கோட்டிலும் ஓடி மறிக்க, மற்றையோர் தொடுபடாமல் கட்டங்களைக் கடந்து மீளவேண்டும். கடந்து மீள்பவர் ‘பழம்’. இங்கே விரைவு மட்டும் போதாது. பருத்த உடலினன் ஒருவன் மெல்ல அசைந்து போக்குக் காட்டிக் கிளியை ஒருபுறம் இழுத்தால், அவ்விடைவெளியில் மூவர் கடந்துவிடுவர். கடைசியாய் வருபவனென்று தனியே ஒருவனைச் சுட்டி நகைக்க இடமில்லை.

நம் கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளரை ஒன்று வேண்டுகின்றோம். வாரத்தில் ஒரு மாலையேனும், எந்த அணியிலும் இடம்பெறாத மாணவர்க்கென்றே மைதானத்தின் ஒரு மூலையை ஒதுக்குக. புள்ளியும் பரிசும் அங்கு வேண்டா. ஆசிரியர் சிலரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உடன் ஆடுவாராயின், மாணவரின் கூச்சம் பாதி தீரும். பழைய மாணவர்க்கும் அம்மூலையில் இடமளிக்கலாம். நெடுங்காலம் உடல் அசையாதிருந்தோரும் நெஞ்சுநோவு உடையோரும் வைத்தியரைக் கேட்டு, முதலில் மைதானத்தைச் சுற்றி நடந்து பழகுக.

யூபிலி நாளன்று ஒரு கட்டம் கீறிப் பார்ப்போமா? சுண்ணாம்புத் தூளும் கயிறும் நாம் கொண்டுவருகின்றோம். அன்று நமக்குக் கால்நோவு இராது. ஆயின் நம்மைக் கிளியாக மட்டும் நிறுத்தாதிருப்பீர்களாக.