சட்டைப்பைக் கேமராவா, தண்ணிக் கேமராவா?

அப்பாவின் பீரோவில் கிடந்த குட்டிக் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுவே போதுமா, இல்லை தண்ணீரில் நனைந்தாலும் கெடாத புதுசு வாங்கவா?" என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது அதிகம். 2002க்குப் பிறகு பத்தாண்டுக்குள் வந்த கேனன் இக்சஸ், சோனி சைபர்ஷாட் டி, கேசியோ எக்சிலிம், பென்டாக்ஸ் ஆப்டியோ போன்றவற்றைச் சட்டைப்பைக் கேமரா என்று வைத்துக்கொள்வோம். ஒலிம்பஸ் டிஜி, நிக்கான் டபிள்யூ, ரிக்கோ டபிள்யூஜி, ஃபியூஜி எக்ஸ்பி வகையறா தண்ணிக் கேமரா. 2010ல் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2023ல் 80 லட்சம்கூட இல்லை. அதனால்தான் பழசு வீட்டுக்கு வீடு கிடக்கிறது. புதுசில் பொறுக்க நாலைந்து பெயர்களே மிச்சம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடங்குபவர்களில் பெரும்பாலோருக்குப் பழைய சட்டைப்பைக் கேமராவே போதும். தண்ணிக் கேமராதான் வேண்டும் என்பவர்கள் புதிதாக, பில்லோடு வாங்குங்கள். ஒருவர் பயன்படுத்திய தண்ணிக் கேமராவைத் தண்ணீரில் இறக்கும் எண்ணத்தோடு மட்டும் வாங்காதீர்கள்.

1. தண்ணீர்ப் பக்கம் போவது வேறு, தண்ணீருக்குள் போவது வேறு. மெரினாவில் கால் நனைப்பதற்கும், ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் நிற்பதற்கும், ஐப்பசி மழையில் தெருவைப் படமெடுப்பதற்கும் தண்ணிக் கேமரா தேவையில்லை. ஒரு குடையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையும் போதும். அந்தமானில் முகமூடி போட்டுக்கொண்டு பவளப்பாறை பார்க்கப் போகிறீர்களா, வாரம் தவறாமல் நீச்சல் உண்டா, படகில் தொழிலா, சேற்றிலும் மழையிலும் நின்று வேலை பார்ப்பவரா? அப்படியானால் மேலே படியுங்கள். இவற்றில் எதுவும் இல்லையென்றால் 4, 5 இரண்டையும் படித்துவிட்டுப் பீரோவைத் திறங்கள்.

2. புதுசு என்பதால் படம் நன்றாக வரும் என்று நினைக்காதீர்கள். 2007ல் வந்த இக்சஸ் 70ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 7.1 மெகாபிக்சல், அதன் சென்சார் ஏறக்குறைய 5.8க்கு 4.3 மில்லிமீட்டர். 2023ல் வந்த டிஜி-7ன் சென்சார் 6.2க்கு 4.6. இத்தனை வருஷத்தில் சென்சார் வளர்ந்தது அவ்வளவுதான். நல்ல வெயிலில் இரண்டிலும் எடுத்து அஞ்சலட்டை அளவில் பிரிண்ட் போட்டால் எது எதில் எடுத்தது என்று சொல்வது கஷ்டம்.

மாலை மங்கியதும் கதை மாறும். புதிய சென்சார்களில் வெளிச்சம் விழும் பக்கத்தில் கம்பிகள் குறுக்கே நிற்பதில்லை. அதனால் இருட்டிலும் புள்ளி புள்ளியாகச் சிதறுவது குறைவு. ஆனால் அதே புதிய கேமரா லென்சில் கோட்டை விடுகிறது. சாதாரணக் குட்டிக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் லென்ஸ் குழாய் வெளியே நீளும். தண்ணீர் புகாத பெட்டியில் அப்படி நீள விட்டால் நகரும் இடத்திலெல்லாம் அடைப்பு வைக்க வேண்டும். ஆகவே பெரும்பாலான தண்ணிக் கேமராக்களில் ஒரு பட்டகம் வெளிச்சத்தைச் செங்கோணத்தில் திருப்பிவிடும்; லென்ஸ்கள் பெட்டிக்குள்ளேயே மேலும் கீழும் நகரும். இடம் குறைவு, கண்ணாடியும் சிறிசு, உள்ளே வரும் வெளிச்சமும் குறைவு. இக்சஸ் 70ன் லென்ஸ் எஃப் 2.8ல் தொடங்குகிறது. 2019ல் வந்த ஃபியூஜி எக்ஸ்பி 140 தொடங்குவது எஃப் 3.9ல். பாதி வெளிச்சம் அங்கேயே போயிற்று. புது சென்சார் சம்பாதித்ததில் பெரும்பங்கை லென்ஸ் செலவழித்துவிடுகிறது. விதிவிலக்குகள் சில உண்டு: 2012ல் வந்த டிஜி-1 தொடங்கி டிஜி-7 வரை எஃப் 2.0 லென்ஸ்தான். ஆகவே கடையில் மெகாபிக்சலைக் கேட்காதீர்கள். லென்சைச் சுற்றி எழுதியிருக்கும் எஃப் எண்ணைப் படியுங்கள்; அது சிறிதாக இருந்தால் வெளிச்சம் அதிகம்.

3. உச்சி வெயிலில் திரை தெரியாது. இக்சஸ் 70 போன்ற பழசுகளில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்னத் துளை உண்டு. துல்லியம் போதாது, ஆனால் கடற்கரையில் அது பெரிய உபகாரம். தண்ணிக் கேமராக்களில் 2018ன் பானசோனிக் எஃப்டி-7 மாதிரி அபூர்வமாக ஒன்றிரண்டில்தான் கண்வைக்கும் இடம் இருந்தது.

4. சிசிடி மோகத்தில் காசை இறைக்காதீர்கள். பழைய சிசிடி சென்சாரில் ஏதோ மாயம் இருக்கிறது, நிறம் ஃபிலிம் மாதிரி வருகிறது என்று ஒரு பேச்சு கிளம்பி, சும்மா கிடந்த கேமராக்களுக்கு விலை ஏறிவிட்டது. பாதி உண்மை. அந்த நிறத்தில் சென்சாருக்கு உள்ள பங்கைவிட, அந்தக் காலத்தில் கம்பெனிகள் தோல் நிறத்தையும் மாறுபாட்டையும் எப்படித் தீட்டின என்பதற்கும், முகத்தில் நேராக அடிக்கும் ஃபிளாஷுக்கும் பங்கு அதிகம். வீட்டில் கிடக்கும் எந்தப் பழசிலும் ஃபிளாஷைப் போட்டு ராத்திரி நண்பர்களை எடுத்துப் பாருங்கள். நீங்கள் தேடும் 'லுக்' அதிலேயே கிடைத்துவிடும்.

சிசிடியின் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். சூரியனோ டியூப்லைட்டோ படத்துக்குள் வந்தால் திரையில் மேலிருந்து கீழாக ஊதாக் கோடு இழுக்கும். அது அதன் சுபாவம், பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது இன்னொன்று. 2002 முதல் 2004 வரையிலான காலத்தில் சோனி செய்து பல கம்பெனிகளுக்கும் கொடுத்த சிசிடிகளில் ஒரு பகுதி, சூடும் ஈரப்பதமும் சேர்ந்த இடங்களில் உள் இணைப்பு விட்டு உயிரை விட்டன. 2005ல் கேனன், நிக்கான், ஃபியூஜி, கோனிகா மினோல்டா எனப் பலரும் இலவசமாக மாற்றித் தர வேண்டி வந்தது. இப்போது மாற்றித் தர யாரும் இல்லை. சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினத்தில் அலமாரியில் கிடந்த அந்தக் காலத்துக் கேமரா என்றால், படம் கறுப்பாகவோ நெளிந்த ஊதாக் கோடுகளாகவோ வருகிறதா என்று பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

5. பழசை வாங்கும்போது பார்க்க வேண்டியவை. பேட்டரி உப்பியிருந்தால் கையில் அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள். இக்சஸ் 70ன் என்பி-4எல் போன்ற பரவலான பேட்டரிகளுக்கு வேறு கம்பெனி மாற்று கிடைக்கும். சென்னை ரிச்சி தெருவில் கேமராவைக் காட்டாமல் பேட்டரி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், நேரம் மிச்சம். சார்ஜர் இல்லாமல் கேமராவை மட்டும் கொடுப்பவரிடம் விலையைக் குறைக்கச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

அடுத்தது கார்டு. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 2006க்கு முந்தைய கேமராக்களில் பெரும்பாலும் 2 ஜிபி வரையுள்ள சாதாரண எஸ்டி கார்டுதான் வேலை செய்யும். கடையில் இன்று கிடைக்கும் 32, 64 ஜிபியைச் செருகினால் 'கார்டு எரர்' என்று வரும், கேமரா கெட்டதென்று தூக்கிப் போடுவார்கள். பழைய ஒலிம்பசும் ஃபியூஜியும் எக்ஸ்டி கார்டு கேட்கும். அதன் உச்ச அளவே 2 ஜிபி, இப்போது யாரும் செய்வதில்லை. சோனிக்கு மெமரி ஸ்டிக். ஆகவே கார்டோடு சேர்த்துக் கொடுத்தால் வாங்குங்கள். 2006ல் வந்த ஃபியூஜி எஃப்31எஃப்டி ஒன்றுக்கு மட்டும் எக்ஸ்டி கார்டைத் தேடி அலையலாம் என்பேன். 6 மெகாபிக்சலோடு நிறுத்திக்கொண்டு, பெரிய சென்சார் வைத்து, இருட்டிலும் படம் எடுத்த கேமரா அது. விலையும் அதற்குத் தகுந்தாற்போல் சொல்வார்கள்.

லென்சைப் பல தடவை நீட்டி மடக்கிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே மணல். வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் தூசியும் ஃபங்கஸும் சாம்பல் திட்டுகளாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் தேதி கேட்டால் அது உள்ளே இருக்கும் சின்ன செல் தீர்ந்ததன் அடையாளம், பெரிய குறையில்லை.

6. இனி தண்ணிக் கேமரா. பேட்டரிக் கதவைத் திறந்து பாருங்கள். விளிம்பில் மெல்லிய ரப்பர் வளையம் ஓடுகிறது. நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசு அதற்குத்தான். குக்கர் கேஸ்கெட்டுக்கு ஆயுள் உண்டு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இதுவும் அதே ஜாதி. வெயிலில், உப்பில், சும்மா கிடப்பதில்கூட விறைத்துப்போகும். வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லி ஒலிம்பசின் கையேடே சொல்கிறது. அந்த வளையத்தை நாமே மாற்ற முடியாது, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். ஒருவர் நாலு வருஷம் வைத்திருந்து விற்கும் தண்ணிக் கேமராவின் வளையம் என்ன நிலையில் இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். தண்ணீரில் இறக்கும்வரை அது தெரியவே தெரியாது. எவ்வளவு மலிவாக வந்தாலும் அதைத் தரையில் பயன்படுத்த மட்டுமே வாங்கலாம்.

7. மீட்டர் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். டிஜி-7க்கு 15 மீட்டர், நிக்கான் டபிள்யூ300க்கு 30 மீட்டர் என்று போட்டிருப்பது அசையாத நல்ல தண்ணீரில், குறித்த நேரத்துக்குச் செய்த சோதனை. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்; அதற்குத் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். கிணற்று மேட்டிலிருந்து கேமராவோடு குதித்தால் தண்ணீர் அறையும் வேகம் வேறு. குற்றாலத்துப் பேரருவிக்கு நேர் கீழே நீட்டினாலும் அப்படித்தான். சூடான தண்ணீரும் ஆகாது.

8. பழக்கம். இதைத்தான் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கேமராக்கள் கடலில் சாவதில்லை, கடற்கரையில் சாகின்றன.

பேட்டரியையும் கார்டையும் வீட்டிலேயே போட்டு மூடிவிடுங்கள். மூடும் முன் வெளிச்சத்தில் வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு தலைமுடி, ஒரு மணல், துண்டிலிருந்து விழுந்த ஒரு நூல் போதும். தண்ணீர் அந்த வழியாக வரும். நூல் உதிராத துணியால் துடையுங்கள். கதவின் பூட்டு இரண்டு கட்டமாக இருந்தால் இரண்டையும் போடுங்கள். மணலில் உட்கார்ந்துகொண்டு ஈரக் கையோடு கார்டு மாற்றுவது என்ற பேச்சே கூடாது.

கடலிலிருந்து ஏறியதும் உப்பு காய விடாதீர்கள். உப்பு காய்ந்தால் படிகமாகிப் பட்டனுக்கடியிலும் வளையத்திலும் அமர்ந்துகொள்ளும். வாளியில் நல்ல தண்ணீர் எடுத்து, கதவு மூடியபடியே பத்து நிமிஷம் ஊறப் போட்டு, உள்ளேயே பட்டன்களை அழுத்துங்கள். கடலோர ஊர் லாட்ஜ்களில் குழாயில் வருவதே உப்புத் தண்ணீராக இருக்கும். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, தேவையென்றால் கேன் தண்ணீர் வாங்குங்கள். நாற்பது ரூபாய்க்குக் கணக்குப் பார்க்காதீர்கள். துடைத்து நிழலில் காயவைத்து, முழுதும் காய்ந்த பிறகு கதவு கீழே பார்க்கும்படி பிடித்துத் திறங்கள்.

இன்னொன்று: இவை மிதக்காது. கையில் விட்டால் நேராக அடியில். மிதக்கும் பட்டை ஒன்று தனியாக வாங்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

9. தண்ணீருக்குள் என்ன கிடைக்கும் என்பதில் ஆசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். சென்னைக் கடற்கரையில் அலை மணலைக் கலக்கிக்கொண்டே இருக்கும். உலகத்தின் எந்தக் கேமராவும் அங்கே மஞ்சள் கலங்கலைத்தான் காட்டும். தெளிந்த தண்ணீரிலும் ஐந்தாறு மீட்டர் இறங்குவதற்குள் சிவப்பு நிறம் பெரும்பாலும் மறைந்து, எல்லாம் நீலமும் பச்சையுமாகும். 'அண்டர்வாட்டர்' அமைப்பைப் போட்டால் ஓரளவு மீட்கலாம். ஃபிளாஷ் போட்டால் தண்ணீரில் மிதக்கும் துகள்களெல்லாம் பனிபோல வெள்ளைப் புள்ளிகளாகும். வழி ஒன்றே: மேற்பரப்புக்கு அருகில், வெயில் நேரத்தில், எடுக்கும் பொருளுக்கு ஒரு கை தூரத்துக்குள் போய் எடுங்கள். பொருள்கள் தண்ணீரில் இருக்கும் தூரத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதாகத் தெரியும். அருகில் போய்விட்டோம் என்று தோன்றினாலும் இன்னும் கொஞ்சம் போக வேண்டியிருக்கும். பவளத்தை மிதிக்காதீர்கள்.

10. மூன்றாவது வழி. இக்சஸ் மாதிரிகள் பலவற்றுக்குக் கேனனே டபிள்யூபி-டிசி என்ற பெயரில் 40 மீட்டர் தாங்கும் கண்ணாடி போன்ற உறைகளைச் செய்தது. உறையின் வளையத்தை நாமே கழற்றி, சிலிக்கோன் கிரீஸ் தடவி, மாற்றலாம். உங்கள் மாதிரிக்கு உரியது கிடைத்தால் இரண்டு கேமராவின் வேலையும் ஒன்றில் முடியும். முதலில் கேமரா இல்லாமல் உறைக்குள் டிஷ்யூ பேப்பரை வைத்து, வாளியில் கல் கட்டி அரைமணி முக்கிப் பாருங்கள். தண்ணீர் தாங்கும் ஐபி68 போன் இருக்கிறதே என்பவர்களுக்கு: தொடுதிரை தண்ணீருக்குள் சொன்னபடி கேட்காது, கடல் தண்ணீர் புகுந்தால் வாரண்டியும் பேசாது.

11. தண்ணீரே படாமல் தண்ணிக் கேமரா வாங்கத் தகுந்த ஒரு கூட்டம் உண்டு: பூச்சியும் பூவும் பார்ப்பவர்கள். டிஜி வரிசையில் லென்சுக்கு ஒரு சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதைக்கூட ஃபோகஸ் செய்யலாம். எறும்பின் முகம் திரை நிறைய வரும். 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்பதால் சின்னப் பிள்ளைகள் கையிலும் கொடுக்கலாம். இவர்களுக்கு எந்தச் சட்டைப்பைக் கேமராவையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

12. புதுத் தண்ணிக் கேமரா வாங்கும் நாளிலேயே, வளையம் மாற்ற எவ்வளவு ஆகும், எந்த ஊருக்கு அனுப்புவார்கள் என்று கேட்டு பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். பதில் சொல்லத் தெரியாத கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள்.