மதிப்பீட்டில் நோக்கமும் நனவிலித் தடுப்பும்

ஒருவரைப் பற்றி நாம் கொள்ளும் கருத்து அவருடைய சொல்லையும் செயலையும் மட்டுமே சார்ந்தது என எண்ணுவது இயல்பு. ஆயினும், அவ்வேளையில் நம் உள்ளம் எதனை நாடுகின்றதோ அந்நோக்கமும் மதிப்பீட்டை உருவாக்குகின்றது என உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன.

எவரும் ஒரே வேளையில் பல பிரிவுகளைச் சேர்ந்தவராவர். ஒவ்வொரு பிரிவைப் பற்றியும் சமூகத்தில் பொதுப்படையான எண்ணம் ஒன்று வழங்கும். இதனை வார்ப்புக் கருத்து என்பர். இவற்றுள் எது மேலெழும், எது ஒடுங்கும் என்பதே வினா.

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிசா சின்கிளேர், சீவா குண்டா ஆகியோர் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகின்றது. மாணவர் சிலர் கறுப்பின மருத்துவர் ஒருவரிடமிருந்து பாராட்டுப் பெற்றனர். வேறு சிலர் குறைகூறப்பட்டனர். பின்னர், திரையில் தோன்றும் எழுத்துக்கோவை பொருளுள்ள சொல்லா, அன்றா என விரைந்து கூறுமாறு கேட்கப்பட்டனர். உள்ளத்தில் ஒரு கருத்து விழித்திருப்பின், அதனோடு தொடர்புடைய சொல் விரைவில் அறியப்படும், ஒடுங்கியிருப்பின் தாமதமாகும். பாராட்டப்பட்டோரிடம் இனம் பற்றிய வார்ப்புக் கருத்து ஒடுங்கிற்று. குறைகூறப்பட்டோரிடமோ அதுவே மேலெழுந்தது. மருத்துவர் என்னும் சிறப்பைப் பற்றிய கருத்து ஒடுங்கிற்று.

பாராட்டியவரை உயர்வாகக் கருதினால் பாராட்டின் மதிப்புக் கூடும். குறைகூறியவரைத் தாழ்வாகக் கருதினால் மனவருத்தம் தணியும். இந்நோக்கத்திற்கு இடையூறான கருத்தை உள்ளம் தானே அடக்கிவிடுகின்றது. மதிப்பிடுபவர் இதனை உணர்வதில்லை.

அவ்விருவரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவர்கள் ஆசிரியைகளை ஆண் ஆசிரியர்களினும் திறமை குறைந்தவர்களாக மதிப்பிட்டனர். உயர்ந்த மதிப்பெண் பெற்றோரிடம் இவ்வேறுபாடு காணப்படவில்லை.

களப்பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் இம்முடிவுகள் பயன்படுவன. எழுத்தறியாத, ஆனால் நெடுங்காலம் பயிர்செய்த இரு உழவரை எடுத்துக்கொள்வோம். நம் யோசனையை ஏற்றவர் ‘அனுபவம் மிக்கவர்’ என்றும், மறுத்தவர் ‘படிப்பறிவற்றவர்’ என்றும் நம் குறிப்பேட்டில் இடம்பெறக்கூடும். அவ்வாறாயின், மறுத்தவர் கூறிய மண், நீர் பற்றிய காரணம் பதிவாகாமலே போகும். மாணவர்க்குச் சான்று எழுதுகையிலும், எதிர்வினா எழுப்பும் மாணவனுக்கு இத்தகைய தீங்கு நேரலாம்.

எனவே, கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடித்தல் நலம்:

1. மதிப்பிடுதற்குரிய அளவைகளை முன்னரே எழுதி வைத்தல்.
2. மறுப்புரையை, அதற்குக் கூறப்பட்ட காரணத்துடன் பதிவு செய்தல்.
3. ‘இவர் என்னுடன் உடன்பட்டிருந்தால் இதே சொல்லை எழுதுவேனா?’ என வினவுதல்.
4. மனவருத்தம் தோன்றிய அன்றே இறுதி முடிவை எழுதாதிருத்தல்.