கூடுதல் காசை எந்தப் பாகத்தில் போடலாம்?

கல்முனை, சாய்ந்தமருதுப் பக்கம் குறைந்த செலவில் கம்பியூட்டர் பூட்டுகிறவர்கள் கவனத்துக்கு: கையில் மிஞ்சும் காசு முதலில் பவர் சப்ளைக்குப் போகட்டும். கேஸிங்கோடு சேர்ந்து வருவதை நம்ப வேண்டாம். கரண்ட் போய்ப் பட்டென்று திரும்பும்போது மதர்போட்டைக் காப்பது நல்ல பவர் சப்ளைக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றுத்தான். அதற்காக உச்ச விலைக்கு ஏறவும் தேவையில்லை. ‘80 பிளஸ்’ பிரொன்ஸுக்கும் கோல்டுக்கும் பாதிச் சுமையில் வித்தியாசம் சுமார் 5 சதவீதம். 200 வோட் தேவைப்படும் கம்பியூட்டர் தினமும் 5 மணித்தியாலம் ஓடினால், மாதத்தில் மிச்சம் 2 யூனிட் அளவுதான்.

ரெம்மில் மின்னும் லைட் வெறும் சோடனை. விலைகூடிய 16 ஜிபி ஒன்றைவிடச் சாதாரண 8 ஜிபி இரண்டு போடுங்கள். தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாவிட்டால் கேமில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். பிள்ளைகளின் படிப்பு வேலைக்குச் சாதாரண எஸ்எஸ்டி தாராளம்.

உப்புக்காற்று விலை பார்க்காது; எந்த ரெம்மின் விளிம்பிலும் கறை பிடிக்கும். கம்பியூட்டர் பீப் அடித்து நின்றால், புது ரெம் வாங்குமுன் பழையதைக் கழற்றி, பொன்னிற விளிம்பை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள்.

வொரண்டிக்குப் பொருளை இங்கேயே மாற்றித் தருவார்களா, கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்று காசு கொடுக்குமுன் கேளுங்கள். பில்லில் சீரியல் நம்பரையும் எழுதி வாங்குங்கள்.