கோழி வாட்டும் டிரம்முக்குச் சாயம் அடிக்கும் முன்



பள்ளி விடுமுறை, பிறந்த நாள் என்றால் இப்போது தோட்டத்தில் கோழி வாட்டாத வீடு குறைவு. 44 கேலன் இரும்பு டிரம்மைப் படுக்கவைத்து அறுத்து, கீலும் காலும் வைத்து, ஒரு புகைக்குழாயும் பொருத்திவிட்டால் அடுப்பு தயார். மூடியை மூடினால் இறைச்சி புகையிலேயே வேகும். நம்ம ஆட்கள் கைவேலைக்காரர்கள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் செய்து முடித்ததும், வீட்டில் மிச்சம் கிடக்கிற சாயத்தை எடுத்து உள்ளும் புறமும் பூசிவிடுகிறார்கள். கேட்டால், "துரு பிடிக்கக் கூடாது இல்லீங்களா, டிரசரய்யா?" என்கிறார்கள். உள்ளே பூசிய சாயம் எங்கே போகும்? சூட்டில் கருகிப் புகையாகிக் கோழியில் படியும். மீதி செதில் செதிலாக உதிர்ந்து தட்டில் விழும். சாயம் வெளிப்புறத்துக்கு மட்டும்தான்.

முதலில், டிரம்மில் என்ன இருந்தது என்று விசாரியுங்கள். களைக்கொல்லி, பூச்சி மருந்து இருந்த டிரம் எத்தனை தடவை கழுவினாலும் வேண்டாம். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது, மெய்தான். ஆனால் விஷம் அது ஒன்றுதானா? பெட்ரோல், தின்னர் இருந்த டிரம்மைத் தீ வைத்து அறுத்தால், உள்ளே தங்கிய ஆவி வெடித்து ஆளையே கொண்டுபோய்விடும். வெளியே அந்தக் காலத்துச் செந்நிற அடிச்சாயம் இருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். அதை உரசவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். ஈயத்தூசி சிறு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். வேறு டிரம் தேடுங்கள்.

சமையல் எண்ணெய் வந்த டிரம் உத்தமம். அதிலும் சிலவற்றுக்கு உள்ளே ஒரு பூச்சு இருக்கும். லயத்தை விட்டுத் தள்ளி, வெட்டவெளியில் விறகு போட்டு எரித்து, ஆறிய பின் வெறும் இரும்பு தெரியும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மூக்கு வாயை மூடிக்கொள்ளுங்கள். பிள்ளைகளும் இழுப்புக்காரர்களும் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

வெளிப்புறத்துக்கு வீட்டுக் கதவுச் சாயம் ஆகாது, இரண்டே தடவையில் கொப்பளித்துவிடும். இரும்புக்கடையில் சூடு தாங்கும் சாயம் என்று கேளுங்கள். டப்பாவில் 600 டிகிரி செல்சியஸ் என்று போட்டிருக்கும். சிலதில் 1200 என்றிருக்கும். அது ஃபாரன்ஹீட் கணக்கு, ஏறக்குறைய 650 செல்சியஸ்தான், ஏமாறாதீர்கள். டிரம்மைச் சவர்க்காரம் போட்டு எண்ணெய்ப்பசை போகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, மணல்தாளால் தேய்த்துவிட்டு அடியுங்கள். மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு போதும். தடிப்பாக அடித்தால் உரியும். காய்ந்ததும் வேலை முடியவில்லை. இந்தச் சாயம் நெருப்பில்தான் இறுகும். கோழி வைக்காமல் முதலில் சின்ன நெருப்பு, ஆறியதும் கொஞ்சம் பெரிய நெருப்பு என்று டப்பாவில் சொன்னபடி காட்டுங்கள். அப்போது வரும் நாற்றத்தைப் பிடிக்காமல் விலகி நில்லுங்கள்.

உட்புறத்துக்கு நாம் வெட்டுகிற செம்பனையின் எண்ணெயே சாயம். துணியால் மெல்லிசாகத் தடவி, மூடியைப் போட்டு இரண்டு மணி நேரம் நெருப்பு மூட்டினால் கருப்பாகப் பிடித்துக்கொள்ளும். துரு தலைகாட்டினால் மறுபடியும் செய்யுங்கள்.

இன்னொன்று, வாட்டும் வலை. வேலிக்கம்பி வலையை வெட்டிப் போடுகிறார்கள். அதன் மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. புளியும் எலுமிச்சையும் தடவிய கோழியை அதில் வைத்தால் துத்தநாகம் கரைந்து வாந்தியும் வயிற்றுவலியும் வரும். எவர்சில்வர் வலை போடுங்கள். அந்த மாதிரிப் பூச்சுள்ள இரும்பை வெல்டிங் பண்ணுகிறவருக்கு அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல் வரலாம், வாயில் உலோக ருசி தட்டும். மருந்தகத்துக்கு வரும்போது வெறும் காய்ச்சல் என்று சொல்லாமல், வெல்டிங் செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மழை வந்தால் கரி நெருப்போடு அடுப்பை வீட்டுக்குள் இழுக்காதீர்கள். அந்த விஷவாயுவுக்கு மணமே கிடையாது. தலை சுற்றுவது தெரிவதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார். கோழி நனைந்தால் நனையட்டும்.