ஆட்கொணர்வு மனு எழுதப்போகும் பிள்ளைக்கு

கண்ணு, உன் முதல் வழக்கே அயல்நாட்டவர் ஒருவருக்கான ஆட்கொணர்வு மனு என்று அம்மா சொன்னாள். மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வந்தன. அதனால்தான் எழுதுகிறேன்.

1. எந்த நாட்டான் என்று பார்த்து இரக்கத்தை அளக்காதே. நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபை உறுப்பினனாக வருகிறவனிடம் கால் வேலி நிலமும் சொந்த மனையும் கேட்டது. உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு குடியுரிமையைக்கூடக் கேட்பதில்லை. சக்மா அகதிகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட இங்கே சொந்தம் இல்லாதவனுக்கு நீதான் சொந்தம்.

2. நமக்கு எதிரான தீர்ப்புகளை முதலில் படி. பக்கத்திலிருக்கும் செங்கல்பட்டிலேயே சிறப்பு முகாம் இருந்தது. ஈழத்து இளைஞர்களுக்கு ஜாமீன் கிடைக்கும். வெளியே கால் வைக்குமுன், அப்போது நடப்பில் இருந்த 1946ஆம் ஆண்டு அயல்நாட்டினர் சட்டத்தின் 3(2)(இ) பிரிவில், முகாமிலேயே தங்கச் சொல்லும் அரசின் உத்தரவு வந்து நிற்கும். முகாமில் வைப்பது நடமாட்டக் கட்டுப்பாடுதான், அந்தச் சட்டம் சொல்லும் காவல் அல்ல என்ற நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2003இல் ஏற்றது. எனக்கு இன்றும் அதில் உடன்பாடில்லை. பூட்டிய கதவுக்குள் படுப்பவனுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் இரவு ஒன்றுதான். ஆனாலும் அந்தத் தீர்ப்பை மறைத்து வாதாடாதே. அரசு வழக்கறிஞர் எடுப்பதற்குள் நீயே எடுத்து வை. உன் வழக்கு எங்கே விலகுகிறது என்று அப்புறம் சொல். என் சீனியர் அப்படித்தான் செய்வார். அவர் எழுந்தாலே நீதிபதிகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

3. உத்தரவை உன் கட்சிக்காரனுக்குப் புரியும் மொழியில் கொடுத்தார்களா என்று கேள். தடுப்புக்காவல் ஆணை என்றால், காரணங்கள் ஆளுக்கு விளங்கியாக வேண்டும் என்பது 1962 முதல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி.

4. குடும்பத்துக்குத் தேதி சொல்லாதே. மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வந்த ஒரு தாய், மகன் அன்றே வெளியே வருவான் என்ற நம்பிக்கையில் புதுச் சட்டை கொண்டுவந்திருந்தார். வாக்குக் கொடுத்த வக்கீல் அன்று முழுக்க அவர் கண்ணில் படவே இல்லை. தோற்றாலும் நீயே போய்ச் சொல். பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்.

5. என் பழைய குறிப்புகளை அப்படியே நம்பிவிடாதே. 2025 செப்டம்பர் முதல் குடிவரவு, அயல்நாட்டினர் சட்டம் என்ற புதுச் சட்டம் நடப்பில் இருக்கிறது. பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன. அதை முழுதாகப் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. மனுவின் வரைவைச் சேர்ந்து பார்ப்போம்.