எருக்குழியில் எதைப் போடக் கூடாது?

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓர் எருக்குழி உண்டு. அம்மாதான் அதைப் பார்த்துக்கொள்கிறார். காய்கறித் தோல், காய்ந்த இலை, டீத்தூள் சக்கை, முட்டை ஓடு எல்லாம் அதில் போகும். அவ்வப்போது சாணத்தைக் கரைத்து ஊற்றுவார். மூன்று நான்கு மாதத்தில் கறுப்பாக, உதிரியாக எரு கிடைக்கும். அவரைப் பந்தலுக்கும் கத்தரிச் செடிக்கும் அதுதான் உரம்.

ஒரு நாள் காலை. அம்மா எருவைக் கையால் அள்ளினார். "ஐயோ!" என்று சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். உள்ளங்கையில் ரத்தம் வழிந்தது. எருவுக்குள் ஒரு பழைய பிளேடு கிடந்தது.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார். ரண ஜன்னி வராமல் இருக்க ஊசியும் போட்டார். "மண்ணிலும் சாணத்திலும் ரண ஜன்னிக் கிருமி இருக்கும். சின்னக் காயம்தானே என்று விடக் கூடாது" என்றார்.

எங்கள் வீட்டில் சவரம் செய்பவன் நான் ஒருவன்தான். பிளேடைப் போட்டது நான். பத்துப் பேருக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். எதை எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா திட்டவில்லை. "போடுறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் பாருடா" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு இருவரும் ஒரு பட்டியல் போட்டோம். அதைத்தான் மையத்தில் பாடமாகப் படித்தோம். நீங்களும் படியுங்கள்.

1. மட்காத பொருள்கள்
பிளாஸ்டிக் பை, பால் கவர், ஷாம்பு பாக்கெட், நைலான் துணி, கண்ணாடி, ஆணி, பிளேடு. பிளாஸ்டிக் துண்டு துண்டாக உடையும். ஆனால் மண்ணாக மாறாது. கண்ணாடியும் பிளேடும் கையைக் கிழிக்கும்.

2. நஞ்சுப் பொருள்கள்
டார்ச் செல், டியூப் லைட், பழைய மாத்திரை, பூச்சிமருந்து டப்பா, பெயிண்ட். டியூப் லைட்டில் பாதரசம் இருக்கிறது. நஞ்சு எருவில் சேரும். எருவிலிருந்து மண்ணுக்குப் போகும். மண்ணிலிருந்து கீரைக்கு வரும். பிறகு நம் வயிற்றுக்கு வரும்.

3. எலியையும் நாயையும் கூப்பிடும் பொருள்கள்
மீன் முள், கறி, எலும்பு, எண்ணெய்ப் பலகாரம். இவை நாறும். ஈ மொய்க்கும். எலி வளை தோண்டும். நாய் குழியைக் கிளறிப் போடும்.

4. நோய் பரப்பும் பொருள்கள்
மனித மலம், நாய் மலம், பூனை மலம், நாப்கின். மலத்தில் குடற்புழுவின் முட்டை இருக்கும். அது மண்ணில் பல மாதம் சாகாமல் இருக்கும். மாட்டுச் சாணம் போடலாம். ஆனால் எருவைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

5. திரும்ப முளைக்கும் செடிகள்
பூத்த பார்த்தீனியச் செடி, விதை பிடித்த களை. பார்த்தீனியத்தை நம் நாட்டில் 1950-களில் புனேயில் கண்டார்கள். பிறகு அது நாடெங்கும் பரவியது. ஒரு செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் விதை விழும். வீட்டுக் குழியில் சூடு குறைவு. அந்தச் சூட்டில் விதை சாகாது. எருவோடு தோட்டத்துக்கே வந்துவிடும். நோய் பிடித்த செடியையும் போடாதீர்கள்.

"அப்போ இதையெல்லாம் எங்கே போடுறது?" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. 2016-ஆம் ஆண்டு வந்த அரசு விதி, குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொன்னது. மட்கும் குப்பை தனி. மட்காதது தனி. ஆபத்தானது தனி. பால் கவரைக் கழுவிப் பழைய சாமான்காரரிடம் போடலாம். பிளாஸ்டிக்கை எரிக்கக் கூடாது. அந்தப் புகையும் நஞ்சுதான். பிளேடையும் கண்ணாடியையும் கெட்டியான காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். குப்பை அள்ள வருகிறவருக்கும் அம்மாவைப் போலக் கைதானே!

இப்போது எங்கள் வீட்டில் ஒரு தகர டப்பா இருக்கிறது. அதன் மேல் "பிளேடு" என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். எழுதியது நான் இல்லை. கட்டுப் பிரித்த கையால் அம்மாவே எழுதினார்.

யோசியுங்கள், எழுதுங்கள்
1. அம்மாவின் கையில் ஏன் காயம் பட்டது?
2. டார்ச் செல்லை எருக்குழியில் போட்டால் என்ன ஆகும்?
3. இன்று உங்கள் வீட்டில் சேர்ந்த குப்பையைப் பாருங்கள். குழிக்குப் போகும் ஐந்து பொருள்களை எழுதுங்கள். போகக் கூடாத ஐந்து பொருள்களை எழுதுங்கள்.